இஸ்தோப்பை நீட்ட யாரிடம் கேட்பது?

(ராகலையில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராகலை டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் யாரிடம் போக வேண்டும் என்பதற்குப் பதில் இருக்கிறது. அலைச்சலான பதில்தான், ஆனாலும் பதில். அதே டவுனுக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் ஒரு தாய், மகள் உயர்தரம் படிக்கிறாள், இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, அடைத்து அவளுக்கு ஒரு மேசை போடலாம், பின்பக்கம் மண்ணை வெட்டிக் குசினியைத் தள்ளிப் போடலாம் என்று நினைக்கிறார். அவர் யாரிடம் போக வேண்டும்? தோட்ட நிர்வாகியான தொரையிடமா, தொழிற்சங்கத் தலைவரிடமா, கிராம சேவகரிடமா, பிரதேச சபையிடமா? நால்வரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமன் மச்சான் நாலு பேர் சேர்ந்து மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள். இன்று நான் பேச வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான்.

நான் பல வருடம் வீட்டு ப்ளேன் கீறிக் கொடுத்துப் பிழைத்தவன். சட்டத்தரணி இல்லை. அதனால் சட்டத்தைச் சட்டத்தரணி மாதிரிச் சொல்ல மாட்டேன். சபைக் கவுன்டரின் இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் எப்படிச் சொல்வானோ, அப்படிச் சொல்கிறேன்.

முதலில் டவுன் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வலப்பனை பிரதேச சபையில் விண்ணப்பப் படிவம் எடுக்க வேண்டும். காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், தகுதி உள்ளவர் கீறிய ப்ளேன், வரி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீதியோரக் காணி என்றால் வீதிக்கோட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து இடத்தைப் பார்ப்பார். மலசலகூடக் குழி எங்கே வருகிறது, பக்கத்தில் தண்ணீர் எங்கே ஊறுகிறது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாய மாவட்டம் என்பதால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். திட்டமிடல் குழு கூடும்போது கோப்பு மேசைக்கு வரும். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. கட்டி முடித்த பிறகு, ப்ளேனில் இருப்பதுபோலவே கட்டியிருக்கிறது என்று இணக்கச் சான்றிதழ் எடுத்தால்தான் சட்டப்படி குடிபோகலாம். அந்தக் கடைசிக் கடதாசியைப் பாதிப் பேர் எடுப்பதே இல்லை. பிறகு பேங்கில் கடன் கேட்கும்போது அதற்காக ஓடுகிறார்கள்.

சுவருக்குப் பெயின்ட் அடிக்க, உடைந்த ஓட்டை மாற்ற, தரைக்கு டைல்ஸ் போட யாரும் அனுமதி கேட்கத் தேவையில்லை. புதுச் சுவர், புதுக் கூரை, புது மாடி, வீட்டைக் கடையாக்குவது இவைதான் அனுமதிக்குள் வருபவை.

இந்த விதிகளின் வேர் எங்கே இருக்கிறது? 1914இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. அடுத்த வருடம் வந்தது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். சபைத் தலைவரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று அதன் 5ஆம் பிரிவு சொல்கிறது. நான் சொன்ன இணக்கச் சான்றிதழைப் பற்றி 15ஆம் பிரிவு சொல்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு மேலே 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. அதிகார சபையின் பிரதேசம் என்று பிரகடனப்படுத்திய இடங்களில் அதன் ஒழுங்குவிதிகளும் பொருந்தும்.

1915இல் கொழும்புச் சேரிகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்கு, இங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை வரிசையாக அடுக்கி லயங்கள் நின்றது தெரியாமல் இல்லை. தேயிலையும் கொழும்புத் துறைமுகத்தால்தான் போனது. ஆனால் தோட்டம் என்பது வேலிக்குள் இருக்கிற தனி இராச்சியம் என்ற நினைப்பு அப்போதே ஊறிவிட்டது. பின்னால் சுதந்திரம் வந்தது, நம் பிரஜாவுரிமை போனது, திரும்பி வந்தது. அந்த நினைப்பு மட்டும் அப்படியே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவோ ஒரு வடிகால் கானு வெட்டவோ சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று கையைக் கட்டிவைத்தது அதுதான். நாம் வாக்களித்தோம், நம்மவர்கள் உறுப்பினர்களாகப் போய் உட்கார்ந்தார்கள், ஆனால் நம் லயத்து வாசலுக்கு ஒரு வண்டி கல் இறக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பத்தொரு வருடம்!

திருத்தத்துக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? பாதை விஷயத்தில் கொஞ்சம் சரியானது. வீட்டு விஷயத்தில் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது.

சபையின் விண்ணப்பப் படிவத்தில் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது: காணி உரிமையாளர் யார்? லயத்தில் இருப்பவர் அங்கே தன் பெயரை எழுத முடியாது. அப்படியானால் யார் பெயரை எழுதுவது? 1972 காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் அதற்கு வந்த திருத்தமும் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. 1992இல் அவற்றை இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரித்தார்கள். 53 வருடக் குத்தகை, 2045 வரை. ஆக, நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, நிர்வாகம் தொரையுடையது, வீட்டுத் திட்டங்கள் நாம் ட்ரஸ்ட் என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துடையது. அந்தக் காம்பராவில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அப்பாவின் பிரேதத்தை அதே வாசலால் தூக்கிப் போனவருக்குப் படிவத்தில் ஒரு கட்டம் கூட இல்லை.

இதனால் நடைமுறையில் நம்மிடம் இருப்பது ஒரே அனுமதிதான்: தொரை வாயால் சொல்வது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் வைத்துக் கேட்போம். அவர் நல்ல மனநிலையில் இருந்தால், “சரி, கட்டிக்கோ, பெருசாக் கட்டாதே” என்பார். இல்லாவிட்டால் தலைவரைக் கொண்டு சொல்ல வேண்டும். தொரை மாற்றலாகிப் போவார். புதுத் தொரை வந்து, “இதை யார் கட்டச் சொன்னது?” என்பார். சொன்னவர் இப்போது பண்டாரவளைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருப்பார்.

தொரைமாரைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. குத்தகைக் காணியில் நிரந்தரக் கட்டடம் எழும்பினால் கம்பனி அவரிடம் கேட்கும், அவருக்கும் வேலை முக்கியம். நான் சொல்வது வேறு. தொரை தருகிற சம்மதம் குத்தகையைக் காப்பாற்றுவதற்கானது. உங்கள் மகள் படிக்கப்போகிற அந்த அறையின் சுவர் நிற்குமா, பின்னால் மண் வருமா என்று அவர் பார்ப்பதில்லை, பார்க்க அவருக்குத் தெரியவும் தெரியாது. சபையின் அனுமதியோ, கோளாறுகள் எத்தனை இருந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே உண்டானது. நமக்குக் கிடைப்பது முதலாவது. நமக்குத் தேவையானது இரண்டாவது.

வாய்ச்சொல்லுக்கு நீதிமன்றத்தில் என்ன பெறுமதி என்பதையும் கேளுங்கள். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அரச காணியில் இருப்பவரை வெளியேற்ற நீதவானிடம் போனால், இருப்பவர் காட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்கிறது அதன் 9ஆம் பிரிவு: அரசின் செல்லுபடியான அனுமதிப் பத்திரம் அல்லது எழுத்து மூல அதிகாரம். நாலு தலைமுறை இருந்தோம் என்ற கதையை அங்கே சொல்ல முடியாது. எழுத்து இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். எனவே ஒரு தகரம் மாற்றுவதாக இருந்தாலும் கடிதம் கொடுத்துக் கேளுங்கள், பதிலையும் கடிதமாகக் கேளுங்கள். பதில் தர மறுத்தால், நீங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியில் தோட்டக் காரியாலயத்தின் திகதி முத்திரையையாவது வாங்குங்கள்.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண் மேடு.

நம் லயங்கள் பெரும்பாலும் எப்படி நிற்கின்றன? சரிவில் ஒரு படி வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டிச் சமப்படுத்தி, அந்தப் படியில் லயத்தை நிறுத்தினார்கள். பின்பக்கம் வெட்டிய மேடு, முன்பக்கம் கொட்டிய மண். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கானு. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தில் நான் மெச்சுகிற ஒரே விஷயம் அந்தக் கானுதான். மேட்டில் இருந்து இறங்கும் தண்ணீரைச் சுவருக்கு விடாமல் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் சேர்த்தது அது. இன்று பல லயங்களில் அந்தக் கானுவின் மேல்தான் குசினி இருக்கிறது. குடும்பம் பெருகியது, இடம் இல்லை, முன்னால் பாதை, பின்னால்தான் போக முடியும். கானுவை மூடினோம். போதாமல் மேட்டின் அடியையும் மூன்றடி, நாலடி வெட்டினோம்.

மேட்டின் அடியை வெட்டினால் என்ன நடக்கும்? மேலே இருக்கிற மண்ணின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த அடிமண்தான். வெயில் காலத்தில் வெட்டினால் சுவர் மாதிரிச் செங்குத்தாக நிற்கும். மண் இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நமக்கும் தைரியம் வரும். மழை பெய்து மண்ணுக்குள் தண்ணீர் ஏறும்போதுதான் கணக்கு மாறும். பாரம் கூடும், மண்ணுக்குள் பிடிப்புக் குறையும். கானு இல்லாததால் தண்ணீர் போக வழியும் இல்லை. சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கல் கட்டு எழுப்பி, மேலே சிமெந்து பூசி, ஓட்டை ஒன்றும் இல்லாமல் வழவழவென்று முடித்துவிடுவார்கள். அது இன்னும் மோசம். கட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் தேங்கி ஒருநாள் கட்டையே தள்ளிவிடும். கல் கட்டு கட்டினால் இடையிடையே பீவீசீ குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சரித்து வைக்க வேண்டும், குழாயின் பின்வாயில் சல்லி போட வேண்டும். மழை நாளில் அந்தக் குழாய்களில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தால் கட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். மழைக்கும் சொட்டவில்லை என்றால் அடைத்திருக்கிறது, குத்தி எடுக்க வேண்டும்.

ராகலைக்காரர்கள் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை பிரதானம். நம் உடப்புசல்லாவைப் பக்கத்துக்கு வடகீழ் மழை. மார்கழி, தை என்று நமக்குக் கடும் மழை. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் வரிசையாக மண் சரிந்து உயிர்கள் போனது அந்த மழையில்தான். நாம் கட்டட வேலை தொடங்குவது மாசி, பங்குனி வெயிலில். சித்திரைக்கு முன் கூரை போட்டுவிட வேண்டும் என்ற அவசரம். மேட்டை வெட்டி ஒன்பது மாதம் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததால் பக்கத்துக் காம்பராக்காரரும் வெட்டுவார். அதன் பிறகு கார்த்திகை வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மாவட்டத்தையும் பதுளை, கண்டி மாவட்டங்களையும் என்ன பாடு படுத்தியது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவேதான் சொல்கிறேன், டவுனில் கேட்கிற அத்தனை கடதாசிகளிலும் வரிசையில் நின்று வாங்கத் தகுந்தது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கைதான். 1990 தொடக்கம் அவர்கள் மண்சரிவு அபாய வரைபடம் கீறிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் எடுத்த மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். உங்கள் இடத்துக்கு ஒரு உத்தியோகத்தர் வந்து சரிவைப் பார்ப்பார், மண்ணைப் பார்ப்பார், தண்ணீர் ஓடும் வழியைப் பார்ப்பார். கட்டலாம், இன்ன நிபந்தனையோடு கட்டலாம், கட்டவே கூடாது, இந்த மூன்றில் ஒன்றை எழுதித் தருவார். நிபந்தனைகள் பெரும்பாலும் கானு, கல் கட்டு, வெட்டும் உயரம் பற்றியவை. நாம் மனையடி சாஸ்திரம் பார்க்க ஆளைக் கூட்டிவந்து வெற்றிலை பாக்கு வைத்து, காசும் கொடுத்து, நிலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்கிறோம். நன்றாகக் கேளுங்கள், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் மேடு எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல அவருக்குத் தெரியாது.

அறிக்கை வந்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம்மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்ததாகப் பிறகு செய்தி வந்தது. எச்சரிக்கை இருந்தது. போவதற்கு வேறு வீடும் காணியும் இருக்கவில்லை. எழும்பிப் போ என்று சொல்வது லேசு. அடுத்த நாள் பெரட்டுக்கு எங்கிருந்து வருவது, பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போவது, மாட்டுக் கொட்டில் எங்கே என்பதற்கெல்லாம் பதில் இல்லாமல் யார் போவார்கள்? காணி இல்லாதவனுக்குக் கொடுக்கிற எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான்.

கடல் தாண்டியும் இதே கதை. 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு கேரளாவில் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் தோட்ட லயங்கள் மேல் மலை இறங்கியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலானவர்கள் தமிழ்நாட்டுக் கயத்தாறுப் பக்கத்தில் இருந்து தலைமுறைகளுக்கு முன் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தமிழ்நாட்டு நீலகிரியிலோ கட்டட விதிகள் நம்மை விடக் கடுமை. 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென்றே ஒரு அதிகார அமைப்பு வைத்தார்கள். ஏழு மீட்டருக்கு மேல் வீடு எழும்பக்கூடாது என்று உயரத்துக்கும் அளவு வைத்தார்கள். அங்குள்ளவர்கள் அதைத் திட்டித் தீர்க்கிறார்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து போன நம் சொந்தங்களுக்காக 1968இல் தொடங்கிய அரசாங்கத் தேயிலைத் தோட்டமும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர் லயத்தை விட்டுப்போன குடும்பங்கள் அங்கேயும் லயத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன. வேலை ஓய்ந்தால் வீட்டையும் விட வேண்டுமா என்ற கேள்வி அவர்களையும் விடவில்லை. சட்டம் கடுமையோ இளக்கமோ, வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கும் வரை அந்தச் சட்டம் வாசற்படிக்கு வெளியில்தான் நிற்கிறது.

மண்ணை விட்டு நெருப்புக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லயத்தில் உங்கள் சுவர் உங்களுடையது மட்டும் இல்லை. பக்கத்துக் காம்பராவின் கைமரங்களும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு காம்பராவை ஒன்றாக்குகிறேன் என்று நடுச்சுவரை உடைத்தால், அந்த வளையின் பாரம் எங்கே போகும்? கூரைக்குள் எட்டிப் பாருங்கள். பல லயங்களில் சுவர் கூரை முட்ட எழும்பவில்லை. ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை உள்ளே ஒரே வெளி. புகை படிந்து காய்ந்த மரம். ஒரு காம்பராவில் மின் ஒழுக்கு ஏற்பட்டால் முழு லயமும் எரிவது இதனால்தான். நீட்டிய அறைக்குப் பழைய சுவிட்சில் இருந்து வயர் இழுத்து ஹீட்டர் போடுவதை விட, தகுதியுள்ள வயர்காரரிடம் கொடுத்துத் தனி பிரேக்கர் வைத்துவிடுங்கள். அந்தச் செலவு செலவே இல்லை. சுவரைக் கூரை வரை எழுப்பி அடைப்பது லயத்தில் செய்யக்கூடிய மிக நல்ல திருத்த வேலை. தனியாக ஒருவர் செய்து பயனில்லை, லயத்தார் சேர்ந்து செய்ய வேண்டும்.

சரி, லயம் போய் வீடு வந்தவர்கள்? ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கை 2015இல் வந்தது. இந்திய உதவியில் வீடுகள் எழும்பின. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் மோடி மேலும் 10,000 வீடு என்றார். 550 சதுர அடி வீடு. லயத்துக்கு முன் அது மாளிகைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் இப்போது டவுன்காரர் மாதிரி ஆகிவிட்டீர்கள். இனி உங்களுக்கு விதி பொருந்தும். ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 177 சதுர மீட்டர். மீதி இடத்தில் மலசலகூடக் குழி, பக்கத்து வீட்டுக்கு விட வேண்டிய வெளி, பின்னால் மேடு எல்லாம் போக, நீட்டுவதற்கு எஞ்சுவது கொஞ்சம்தான். மகனுக்குக் கல்யாணம் என்றவுடன் மேலே மாடி போடத் தோன்றும். அந்த அத்திவாரம் ஒரு மாடி வீட்டுக்குப் போட்டது. மாடிக்கு முன் அத்திவாரத்தின் ப்ளேனைக் கேட்டு வாங்கிப் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டுத் திட்டத்தின் ப்ளேன் பிரதியைக் கேட்பது உங்கள் உரிமை. அனுமதி இல்லாமல் கட்டியதை நிறுத்தவும், நீதவானின் கட்டளையோடு இடிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இந்த வீட்டுக்காரர்களிலும் பலருக்கு இன்னும் கையில் உறுதி இல்லை, ஒரு சான்றிதழோ கடிதமோதான் இருக்கிறது. படம் பிடித்து பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதில் காணியின் அளவைப் படத்து இலக்கமும் துண்டு இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேங்க் அதை எடுக்காது. ஊழியர் சேமலாப நிதியில் கிடக்கும் உங்கள் சொந்தப் பணத்தில் 30 சதவீதத்தை வீட்டு வேலைக்கு முன்கூட்டி எடுக்க வழி இருக்கிறது. அதற்கும் காணிக் கடதாசி கேட்பார்கள். தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்துச் சேர்ந்த காசு, அதே தோட்டத்தில் ஒரு அறை கட்ட வெளியே வராது. காணி உரிமை என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, அதன் அன்றாட முகம் இதுதான்.

இப்போது நான் கேட்க வந்தவற்றைக் கேட்கிறேன். இங்கே சபை உறுப்பினர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள், அதனால் சத்தமாகவே கேட்கிறேன்.

படிவத்தில் உரிமையாளர் கட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பாளர் என்று ஒரு கட்டம் வையுங்கள். உரிமைப் பிரச்சினையை அது தீர்க்காது, தெரியும். உரிமையைக் கொடுப்பது சபையின் கையிலும் இல்லை. ஆனால் கட்டுவதற்கு முன் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து மேட்டைப் பார்த்து, இங்கே வெட்டாதே, இந்தக் கானுவைத் திற என்று ஒரு கடதாசியில் எழுதிக் கொடுப்பதற்கு உறுதிப் பத்திரம் எதற்கு? 2018 திருத்தத்துக்குப் பிறகு தோட்டத்துக்குள் சபையின் கை நுழையலாம். மாசி மாதத்தில், வேலை தொடங்குகிற காலத்தில், தோட்டத்துக்கு ஒரு நாள் என்று முறை போட்டு வந்தால் போதும். சென் லெனாட்ஸ், லிடஸ்டேல், புரூக்சைட் என்று நம்மைச் சுற்றியிருக்கும் தோட்டங்களுக்கு ஒரு மாதத்தில் வந்து போய்விடலாம். தோட்ட நிர்வாகங்களும் வாய்ச்சொல்லை விட்டு, ஆட்சேபனை இல்லை என்று இரண்டு வரிக் கடிதம் கொடுக்கப் பழகட்டும். நிபந்தனை போட்டுக் கொடுத்தாலும் பரவாயில்லை.

அம்மாமாரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மண்வெட்டியைத் தூக்குவது ஆண்கள். குசினிக்குப் பின்னால் நிற்கிற மேட்டைத் தினமும் பார்ப்பது நீங்கள். மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறதா, நேராக நின்ற சவுக்கு மரம் சாய்ந்திருக்கிறதா, பீலியில் தெளிவாக வந்த தண்ணீர் திடீரென்று சேறாக வருகிறதா, இல்லை நின்றேவிட்டதா என்பது முதலில் உங்களுக்குத்தான் தெரியவரும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேறு. இதுதான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. தோட்டத்தில் மழை அளக்கும் குழாய் காரியாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கிளார்க் ஐயா தினமும் காலையில் கணக்கு எழுதுவார். தேயிலைக்காக எழுதுகிற அந்தக் கணக்கை லயத்துக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று அமைப்பாளர் தம்பி கையைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். காணி அளக்க எவ்வளவு முடியும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது ஒவ்வொரு நில அளவையாளரிடமும் ஒவ்வொரு விலை.